பச்சைப் பாதையில் யுவராணி

“எறங்கு நைனா. எறங்குன்னா எறங்கணும்.”

சைக்கிளின் ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்துக்குக் குறுக்கே நிற்கிறார் யுவராணி. சீட்டில் இருப்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகும் ஒடிசாக்காரர். சொன்னது புரியவில்லை; பிடித்த பிடி புரிகிறது. “உத்தரோ பையா, உத்தரோ” என்று யுவராணி தன்னிடம் இருக்கும் மொத்த இந்தியையும் செலவழிக்கிறார். அவர் இறங்கியதும் சைக்கிளை வாங்கி, எங்கள் குடியிருப்பின் வாசல் அகலத்துக்குத் தானே தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கம் சேர்ந்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கிறார். உள்ளே கிளம்பி நிற்கும் கார் ஹாரன் அடிக்கிறது. “அடி சார், நல்லா அடி. ஆபீசு இன்னா ஓடியா போயிடும்?” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்.

காலை முழுக்க இதுதான். பழகியவர்கள் தூரத்திலேயே இறங்கி, முணுமுணுத்துக்கொண்டு உருட்டி வருகிறார்கள். பழகாதவர்கள் சண்டை போடுகிறார்கள். கேரியரில் மீன் கூடை கட்டிய ஒருவர் ஒருநாள் கேட்டேவிட்டார்: “ஏம்மா, நீ போலீசா?”

“இல்ல.”

“அப்பால எதுக்கு வண்டியப் புடிக்கிற?”

“போலீசா இருந்தா நெயல்ல ஒக்காந்திருப்பேன். குடு இப்டி.”

மீன்காரர் சிரித்துவிட்டார். யுவராணி சிரிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளும்போது அவர் யாரிடமும் சிரிப்பதில்லை.

வயது நாற்பத்தாறு. செக்யூரிட்டி ஏஜென்சி கொடுத்த ஊதாச் சட்டை ஆண்களுக்குத் தைத்தது. தோள் மடிப்பு முழங்கைக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. தொப்பியைத் தலையில் வைப்பதில்லை, பெல்ட்டில் செருகியிருப்பார். ஏஜென்சி சூப்பர்வைசரின் பைக் சத்தம் கேட்டால் அது தானாக மேலே ஏறிக்கொள்ளும். உட்காரக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கும். ஸ்கூல் வேன் குழந்தைகளுக்கு விறைப்பாக ஸல்யூட் அடிப்பார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ரகுநாதனுக்கு அடிக்க மாட்டார். “அது பசங்களுக்கு வெளாட்டு. அவருக்கு அட்ச்சா வேலையாப் பூடும்” என்பது விளக்கம்.

கார்களை அவர் எண்ணால் அறிவதில்லை. இருமுகிற வெள்ளை, ரிவர்ஸில் பாட்டுப் பாடுகிற சிவப்பு, பொண்டாட்டி ஓட்டினால் மெதுவாக வரும் சாம்பல். முதல் மாடியில் நிற்கும் எனக்கும் ஒரு பெயர் உண்டு. “இன்னா பால்கனி, காத்தால இருந்து மேலயே நின்னுகினு இன்னாத்த எண்ணிகினு கீற?”

திருமுல்லைவாயிலில் ஒற்றை அறை. காலை ரயிலில் கொரட்டூர் வந்து இறங்கி நடந்து வருவார். கணவரைப் பற்றிக் கேட்டால் “அவரு போய்ட்டாரு” என்று ஆவடிப் பக்கமாகக் கையைக் காட்டுவார். ஆகவே உயிரோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெண் காவலர்களை நாற்பத்தைந்துக்கு மேல் புது இடத்துக்கு அனுப்புவதில்லை என்று ஏஜென்சியில் ஒரு வழக்கம். ஏற்கெனவே நிற்கிற இடத்தில் நின்றுகொண்டே இருக்கலாம். இந்த வாசலை விட்டால் அவருக்கு வேறு வாசல் இல்லை.

அந்த வாசலுக்கு முன்னால்தான் சைக்கிள் பாதை போகிறது. அது வந்து இரண்டு மழை ஆகிறது. திறப்பு விழாவன்று ஹெல்மெட் போட்ட சிலர் ஒரு வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இறக்கினார்கள், ஓட்டினார்கள், படம் எடுத்தார்கள். பாதையின் நடுவில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, சைக்கிள்களை மறுபடி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயேதான் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அதன் கம்பிவேலி வரை வந்து நின்று, பின்பக்கத்தில் எதுவும் நடக்காததுபோல மறுபடி தொடங்குகிறது. சாக்கடை மூடிகள் தரையைவிட ஒரு கை உயரம். கடைசியில் பாதை ஒரு பஸ் நிழற்குடையின் முதுகில் போய் முட்டுகிறது. அதற்குப் பிறகு சைக்கிள்காரர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.

ஓரத்தில் வரிசையாக நட்ட ரப்பர் தூண்களில் பாதி முதல் மாதமே சாய்ந்துவிட்டன. பிடுங்கி வந்து தங்கள் கார் நிற்கும் இடத்துக்கு வேலி போட்டுக்கொண்டவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள். தெரியாத கோளாறு ஒன்று உண்டு. எதிர்ச் சாரியில் மழைநீர்க் கால்வாய் தோண்டிப் போட்டிருந்ததால், போகவும் வரவும் சேர்த்து இரண்டு திசைக்கும் ஒரே பாதையாக எங்கள் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். வாசலிலிருந்து சாலைக்கு ஏறும் கார்க்காரர் வலப்பக்கம்தான் பார்ப்பார். லாரியும் பஸ்ஸும் அங்கிருந்துதான் வரும். இடப்பக்கத்திலிருந்து எதுவும் வரக் கூடாது என்பது நம் எல்லோருடைய கழுத்திலும் ஊறிப்போனது. காலையில் எஸ்டேட்டுக்குப் போகும் சைக்கிள்களோ அந்த இடப்பக்கத்திலிருந்துதான் வருகின்றன. வரலாம் என்று தரையில் இரண்டு பக்கமும் அம்பு வரைந்தே வைத்திருக்கிறார்கள். எங்கள் வாசலில் மட்டும் அந்த அம்பு இல்லை. கார்களின் அடிப்பாகம் இடிக்கிறதென்று சங்கம் பாதையின் மேல் சிமென்ட் பூசிச் சரிவு அமைத்தபோது, பச்சையும் அம்பும் சைக்கிள் படமும் அதற்கடியில் போய்விட்டன.

பாதை வந்த புதிதில் கன்னியப்பன் எதிர்ச் சாரியில்தான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், கொரட்டூர்க்காரர். ஓய்வு பெற வேண்டிய வயதைத் தாண்டியும் வேலைக்குப் போனார். தோண்டிய மண்மேட்டுக்கும் லாரிகளுக்கும் நடுவே அவர் வளைந்து வளைந்து போவதை இந்தப் பக்கம் நின்று பார்க்கிற யுவராணிக்குப் பொறுக்காது. சாலையைத் தாண்டிக் கத்துவார்:

“யோவ் பெருசு, ஒனக்குன்னுதானே பச்ச பெயின்டு அட்ச்சு ரோடு போட்டுகீறான்? அங்க இன்னாத்துக்கு லாரியாண்ட ஒரசிகினு போற?”

“அது ராங் சைடு மாரி கீதே இன்ஸ்பெக்டரம்மா.”

“அம்பு போட்டுகீறான் பாரு. படிச்சவன் போட்டது. வா இப்டி.”

வந்தார். அன்றிலிருந்து தினமும் வாசலைக் கடக்கும்போது ஒரு பேச்சு.

“இன்னா பெருசு, பெல்லு கொசு கத்துற மாரி கீது?”

“ஒனக்குக் கேக்குதா இல்லியா?”

“எனக்குக் கேட்டு இன்னா? லாரிக்காரனுக்குக் கேக்கணும்.”

“அதான் லாரிக்காரன் இல்லாத ரோட்டுக்கு நீ இஸ்துகினு வந்துட்டியே.”

போன வைகாசியில் ஒரு காலை. நான் ஊரில் இல்லை. பலர் சொல்லிக் கேட்டதுதான். இரண்டாம் மாடி விக்ரமின் கார் வாசலில் நின்றது. யுவராணி வெளியே போய் நின்று போக்குவரத்தை நிறுத்தி, வரலாம் என்று கை காட்டினார். கார் சரிவில் ஏறிப் பாதையைக் கடந்தது. இடப்பக்கத்திலிருந்து வந்த கன்னியப்பன் பம்பருக்கும் ரப்பர் தூணின் இரும்பு அடிக்கும் நடுவில் விழுந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. விக்ரம்தான் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் வாசலிலேயே வைத்து “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டிருக்கிறார். ரத்தத்தின் மேல் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த யுவராணியின் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்தது. “ராங்குல வந்துட்டாரு சார்.” எதிர்த் திசையில் வருவதற்கு இந்த ஊரில் வேறு சொல் கிடையாது. அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அதற்கு மறுநாள்தான் யுவராணி முதல் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெண் வாசலுக்கு வந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார். விசிட்டர் என்று நினைத்து யுவராணி “எந்த ஊட்டுக்கு?” என்று கேட்டார்.

“உங்களைத்தான் பாக்க வந்தேன். கனிமொழி. கன்னியப்பன் பொண்ணு.”

யுவராணி நாற்காலியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்துக் கீழே வைத்தார். நாற்காலி காலியாகி நான் பார்த்தது அன்றுதான். கனிமொழி உட்காரவில்லை.

“ராங்குல வந்தார்னு எழுதியிருக்காங்க அக்கா. அப்படியே போச்சுன்னா தப்பு அவர் மேல. கேஸே நிக்காதுன்னு வக்கீல் சொல்றார். கம்பெனியிலயும் கைய விரிச்சிட்டாங்க, வேலைக்கு உள்ள வந்தப்புறம்தான் அவங்க பொறுப்பாம்.”

“இப்ப எப்டி கீறாரு?”

“சுவத்தப் பாத்துப் படுத்துகினு இருக்கார். உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. பெல் அடிச்சேன், பெல் அடிச்சேன்னு அதையே சொல்றார்.” கனிமொழி பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “கேட்டுச்சா அக்கா?”

சாலையில் ஒரு டேங்கர் லாரி போனது. அது போய் முடியும் வரை யுவராணி காத்திருந்தார்.

“நெனச்சி நெனச்சிப் பாக்குறேன்மா. கேட்ட மாரியும் கீது. கேக்காத மாரியும் கீது.”

கனிமொழி தலையாட்டினார். திட்டியிருந்தால் யுவராணிக்கு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார். பிள்ளை வாங்கிக்கொண்டது, கனிமொழி அதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் அன்று நடந்தது.

விக்ரம் கெட்டவரல்ல. இப்போது காரை எடுப்பதில்லை. தூசி படிந்த கண்ணாடியில் குழந்தைகள் விரலால் முகம் வரைகிறார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒருநாள் அவர் ரகுநாதனிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்: “நான் பாக்கல சார், அது உண்மை. அவங்க வான்னாங்க, வந்தேன். அவங்க பாத்திருப்பாங்கன்னு…”

“பாத்துதான் இருப்பாங்க. அதை அவங்க சொல்லணும், அவ்வளவுதான்” என்றார் ரகுநாதன்.

எல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் வந்து நின்றது. யுவராணி இரண்டு பக்கமும் பார்த்தாரா? பார்த்து, பாதை காலியாக இருந்து, பிறகு கை காட்டினார் என்றால், பெரியவர் மெயின் ரோட்டிலிருந்து எதிர்பாராமல் உள்ளே திரும்பினார் என்று ஆகிவிடும். தப்பு அவருடையது. பார்க்கவில்லை என்றால் பெரியவர் தன் பாதையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். மறித்தது கார், வரச்சொன்னது வாசல்.

ஸ்பாட்டைப் பார்க்க எஸ்.ஐ. வருகிறார் என்று தெரிந்ததும் ரகுநாதன் வாசலுக்கு வந்தார். தண்ணீர் லாரி வந்ததா என்று முதலில் கேட்டார். பிறகு, “நீங்க எப்பவும் ரெண்டு பக்கமும் பாத்துட்டுதானே கை காட்டுவீங்க?”

யுவராணி கேட்டின் கொண்டியைத் தள்ளிப் போட்டார்.

“அதைத்தான் சொல்லப் போறீங்க. புதுசா எதுவும் சொல்லச் சொல்லல. ஏஜென்சியை மாத்தணும்னு கமிட்டியில பேச்சு வந்துச்சு, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். யுவராணி நல்லவங்க, அவங்க இருக்கட்டும்னு.”

“ஆவட்டும் சார்.”

அவர் போன பிறகு யுவராணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல், முகத்தில் ஊற்றிக்கொண்டார். நிமிர்ந்தபோது நான் பால்கனியில் நிற்பதைப் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

“பால்கனி, ஒண்ணு சொல்லு. ரெண்டு பக்கமும் பாத்தேன்னு சொன்னா, அது பொய்யா?”

“பாத்தீங்களா?”

“அத்தான் கேக்குறேன்.”

அடுத்த சைக்கிள் வந்துவிட்டது. ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

எஸ்.ஐ. வந்தது நல்ல வெயில் நேரம். கூட ஒரு கான்ஸ்டபிள், கையில் டேப். ரகுநாதன், ஏஜென்சி சூப்பர்வைசர், யாருக்கும் தெரியாமல் பின்னால் வந்து நின்ற விக்ரம். எதிர்ச் சாரியில், மூடாத கால்வாய் ஓரம், பிள்ளையோடு கனிமொழி நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. நான் பால் வாங்கப் போகிறவனைப்போலக் கீழே இறங்கியிருந்தேன்.

கான்ஸ்டபிள் சரிவின் அகலத்தை அளந்தார். எஸ்.ஐ. பாதையைப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்துபோய், தரையிலிருந்த இருமுக அம்பின் மேல் நின்று, குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “இதுல ரெண்டு பக்கமும் வரலாமா?” என்று பொதுவாகக் கேட்டார்.

“போட்டிருக்காங்க சார், யார் அதைப் பாக்கறா?” என்றார் ரகுநாதன்.

எஸ்.ஐ. யுவராணியிடம் திரும்பினார். “நீதானேம்மா அன்னிக்கு வண்டிய வரச் சொன்னது?”

“நான்தான் சார்.”

“வரச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாத்தியா?”

யுவராணியின் தொப்பி அன்று தலையில் இருந்தது. அதன் நிழல் மூக்கு வரை விழுந்திருந்ததால் கண்கள் எங்கே பார்த்தன என்று தெரியவில்லை.

“சொல்லுங்க யுவராணி” என்றார் ரகுநாதன், மிக மென்மையாக.

“வாயால சொல்ல வேணாம்” என்றார் எஸ்.ஐ. அவருக்கும் வெயில் தாங்கவில்லை. “அன்னிக்கு எங்க நின்ன, எப்படி நின்ன, நின்னு காட்டு. போட்டோ எடுத்துட்டுப் போறோம்.”

யுவராணி பச்சையை மூடியிருந்த சிமென்ட் சரிவைத் தாண்டி, சாலையின் விளிம்புக்குப் போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாலைக்கு நேராக முகம் வைத்து நின்றால் போதும். கழுத்தை இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பினால் போதும். ஏஜென்சிக்காரர் தன்னையறியாமல் அப்படித் திருப்பியே காட்டினார், இடம், வலம்.

யுவராணி வலப்பக்கம் திரும்பி நின்றார். வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, வந்துகொண்டிருந்த லாரிக்கு நேராகக் காட்டினார். உடம்பு முழுவதும் அந்தத் திசைக்குப் போயிருந்தது. முதுகு, முழு முதுகும், சைக்கிள்கள் வருகிற பக்கத்துக்கு இருந்தது. வியர்வையில் சட்டை முதுகெலும்போடு ஒட்டியிருந்தது.

“இப்படியா நின்ன? பின்னாடி திரும்பிப் பாக்கவே இல்லியா?”

யுவராணி உயர்த்திய கையை இறக்கவில்லை.

“யுவராணி, திரும்பிப் பாத்துட்டுதானேம்மா…” ரகுநாதனின் குரல் மேலேறிப் பாதியில் நின்றது.

லாரி நின்றுவிட்டது. அதன் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஆட்டோக்கள், எல்லாம் ஹாரன் அடிக்கத் தொடங்கின. கான்ஸ்டபிள் செல்போனை உயர்த்திப் படம் எடுத்தார். போதும் என்று எஸ்.ஐ. கை காட்டியதை யுவராணி பார்க்கவில்லை. அவர் திரும்பவே இல்லை. இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால், கார் எதுவும் நிற்காத வாசலைப் பார்த்து, வா, வா என்று அசைந்துகொண்டிருந்தது.